‘லைட்’ என்ற ஒரே சொல்: அதன் பல பொருள்களையும் எதிர்ச்சொற்களையும் முறையாகத் தொகுத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்தில் லைட் என்பதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால் ஒருவர் ‘டார்க்’ என்பார், இன்னொருவர் ‘ஹெவி’ என்பார். இருவரும் சொல்வது சரிதான், ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் போதாது. காற்றைப் பற்றிப் பேசினால் ‘ஸ்ட்ராங்’ வர வேண்டும், உறக்கத்தைப் பற்றிப் பேசினால் ‘டீப்’ வர வேண்டும், மெழுகுவத்தியை ஏற்றுவதைப் பற்றிப் பேசினால் ‘புட் அவுட்’ வர வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய காலத்தில் என்னை அதிகம் திணறடித்தவை இப்படிப்பட்ட எளிய சொற்களே. அரிய சொல் ஒன்றுக்காக அகராதியைப் புரட்டினால் ஒரு பொருள் கிடைக்கும், வேலை முடிந்துவிடும். லைட் போன்ற சொல்லுக்குப் புரட்டினால் பொருள்கள் பக்கக்கணக்கில் விரியும். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் எதிர்ச்சொல் கொடுத்திருப்பார்கள், மற்றவற்றை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பல அகராதிகளில் சிதறிக் கிடந்ததைச் சேர்த்து ஒழுங்குபடுத்திய முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். லைட் எடுத்துக்காட்டுதான், ரைட், ஷார்ட், ஓல்ட், ரஃப் போன்ற எந்தச் சொல்லுக்கும் இதே வரிசையில் வேலை செய்யலாம்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை, அவற்றுக்கு ஆகும் செலவு

மூன்று கருவிகளும் ஒரு நோட்டும் போதும். முதலாவது, ஆங்கிலம் கற்போருக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகிய மூன்று நிறுவனங்களின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றில் பல பொருள்களுக்கு அருகிலேயே எதிர்ச்சொல்லைத் தனியே குறித்திருப்பார்கள். இரண்டாவது, மெரியம்-வெப்ஸ்டரின் தெசாரஸ், அதாவது ஒருபொருட் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் தரும் தொகுப்பு, இதுவும் இலவசம். ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பிரிவு அமைத்து, அந்தப் பொருளுக்குரிய எதிர்ச்சொற்களை அங்கேயே கொடுப்பதுதான் இதன் பெரிய வசதி. மூன்றாவது, ‘ஸ்கெல்’ என்ற சொற்சேர்க்கைத் தேடுபொறி. ஒரு சொல்லைக் கொடுத்தால் உண்மையான ஆங்கில எழுத்தில் அது எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டும். இதற்குக் கட்டணமும் இல்லை, பதிவும் வேண்டியதில்லை.

பணம் கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. பெரிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இணையப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. அப்படியும் பார்க்க விரும்பினால், உங்கள் நூலகம் அந்தச் சந்தாவை வைத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் கொண்ட மறுபயிற்சி அட்டைகளுக்கான ‘ஆங்கி’ மென்பொருள் கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசம், ஐபோனில் மட்டும் ஒருமுறைக் கட்டணம் உண்டு.

ஓர் எச்சரிக்கை. ‘ஒருபொருட் சொற்களும் எதிர்ச்சொற்களும்’ என்ற வகையில் விற்கப்படும் சிறு கையேடுகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல் என்று அடுக்கியிருக்கும் அந்தப் பட்டியல்களில், எந்த வாக்கியத்தில் எந்தப் பொருளுக்கு அந்த எதிர்ச்சொல் பொருந்தும் என்ற தகவல் பெரும்பாலும் இருக்காது. நமக்கு வேண்டியதோ அந்தத் தகவல் ஒன்றுதான்.

2. சொல்லை இரண்டு குடும்பங்களாகப் பிரியுங்கள்

லைட் என்று நாம் எழுதுவது உண்மையில் ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட இரண்டு வேறு சொற்கள். ஒன்று வெளிச்சக் குடும்பம்: ஒளி, விளக்கு, வெளிர்நிறம், ஏற்றுதல் எல்லாம் இதில் அடங்கும். மற்றொன்று எடைக் குடும்பம்: கனமின்மை, குறைந்த அளவு, குறைந்த வேகம், கடுமையின்மை எல்லாம் இதில் சேரும். பெரிய அகராதிகள் சில இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாக எண்ணிட்டு அச்சிடுகின்றன. கற்போர் அகராதிகளோ பெரும்பாலும் பெயர்ச்சொல், பெயரடை, வினைச்சொல் என்று மட்டும் பிரித்துவிட்டு, இரண்டு குடும்பத்தையும் ஒரே பதிவில் கலந்து கொடுத்துவிடுகின்றன. ஆகவே பிரிக்கும் வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

நோட்டில் இரண்டு பக்கங்களை எதிரெதிரே ஒதுக்குங்கள். அகராதியில் காணும் ஒவ்வொரு பொருளையும் படித்து, ‘இது பார்வைக்குத் தெரியும் வெளிச்சத்தையோ நிறத்தையோ பற்றியதா, இல்லை அளவையோ எடையையோ வேகத்தையோ பற்றியதா’ என்று கேட்டு அந்தந்தப் பக்கத்தில் எழுதுங்கள். ‘லைட்-ஹார்ட்டட்’ என்பது மனத்தில் பாரமில்லாத நிலை, ஆகவே எடைப் பக்கம். ‘கம் டு லைட்’ என்பது மறைந்திருந்தது வெளிப்படுவது, ஆகவே வெளிச்சப் பக்கம். இந்தப் பிரிப்பைச் செய்தவுடனேயே டார்க்கும் ஹெவியும் எந்தப் பக்கத்துக்குரியவை என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எல்லாப் பொருள்களையும் எழுதிவிட வேண்டும் என்று தொடங்காதீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட் தரவுத்தளத்தில் லைட்டுக்குப் பெயரடையாக மட்டுமே 20க்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. கற்போர் அகராதியில் முதலில் வரும் பத்துப் பன்னிரண்டு பொருள்கள் தொடக்கத்துக்குப் போதும்.

3. பெயர், வினை, பெயரடை ஆகியவற்றைக் கலக்காதீர்கள்

எதிர்ச்சொல் எப்போதும் அதே சொல்வகையில் இருக்க வேண்டும். பெயர்ச்சொல்லாக ஒளி என்ற பொருளில் வந்தால் ‘டார்க்னஸ்’ அல்லது ‘தி டார்க்’. பெயரடையாக வெளிச்சமான அறையைக் குறித்தால் ‘டார்க்’.

வினைச்சொல்லில் கொஞ்சம் கவனம் வேண்டும். தீக்குச்சி, மெழுகுவத்தி, அடுப்பு ஆகியவற்றை ஏற்றுவது லைட் என்றால், அதன் எதிர் ‘புட் அவுட்’ அல்லது ‘எக்ஸ்டிங்விஷ்’. மெழுகுவத்திக்கு ‘ப்ளோ அவுட்’ என்றும் வரும். இறந்தகாலம் பொதுவாக ‘லிட்’. ‘லைட்டட்’ என்பதும் சரியே, அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘லைட்டட் கேண்டில்’ என்பதுபோல அதிகம் வரும். அந்த நிலைக்கு எதிர் ‘அன்லிட்’. ‘லைட்டன்’ என்ற வினையை நிறத்துக்குப் பயன்படுத்தினால் எதிர் ‘டார்க்கன்’. சுமைக்குப் பயன்படுத்தினால் அப்படி ஒற்றைச் சொல் எளிதில் அமையாது, சுமையைக் கூட்டுவது என்ற பொருளில் ‘ஆட் டு தி லோட்’ என்று விரித்துத்தான் எழுத வேண்டும்.

‘லைட் அபான்’ என்றொரு வினைத்தொடரும் உண்டு. தற்செயலாக ஒன்றைக் கண்டடைவது என்று பொருள். விளக்கோடு தொடர்புபடுத்திப் படித்தால் வாக்கியம் புரியாமல் போகும்.

4. சொல்லைத் தனியாக எழுதாமல், கூட வரும் பெயர்ச்சொல்லோடு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். எதிர்ச்சொல்லைத் தீர்மானிப்பது, லைட்டுக்கு அடுத்து நிற்கும் பெயர்ச்சொல். அகராதியில் ‘கனமற்ற × கனமான’ என்று ஒரு பொருளையும் அதன் எதிரையும் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் ஹெவியைப் போட்டால், பாதி இடங்களில் பொருந்தும், மீதி இடங்களில் ஆங்கிலம் தெரிந்தவர் காதுக்கு இடறும்.

மழை, பனி, போக்குவரத்து, அபராதம், உயிர்ச்சேதம் ஆகியவற்றுக்கு லைட்டின் எதிர் ஹெவிதான். காற்றுக்கு அப்படி இல்லை. காற்றின் வேகத்தை அளக்கும் போஃபர்ட் அளவுகோலில் 2ஆம் எண் ‘லைட் ப்ரீஸ்’, மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். அதற்கு மேல் ஜென்டில், மாடரேட், ஃப்ரெஷ் என்று படிகள் ஏறி 6ஆம் எண்ணில் ‘ஸ்ட்ராங் ப்ரீஸ்’ வருகிறது, மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். லைட்டின் மறுமுனையில் இங்கே ஸ்ட்ராங் நிற்கிறது. இடையில் மூன்று படிகளும் இருக்கின்றன. எதிர்ச்சொற்கள் பலவும் இப்படித்தான், இரு முனைகளுக்கு நடுவே இடம் விட்டு நிற்கும். லைட் இல்லை என்று சொன்னாலே ஸ்ட்ராங் என்று ஆகிவிடாது.

உறக்கம் இன்னும் நுட்பமானது. உறக்கத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் ‘லைட் ஸ்லீப்’புக்கு எதிராக ‘டீப் ஸ்லீப்’ வரும். உறங்கும் ஆளைச் சொல்லும்போதோ ‘லைட் ஸ்லீப்பர்’, ‘ஹெவி ஸ்லீப்பர்’ என்ற இணை பரவலாக வழங்குகிறது. ஒரே செய்திதான், பெயர்ச்சொல் சற்று மாறியவுடன் எதிர்ச்சொல்லும் மாறிவிடுகிறது.

நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

லைட் பேக் – ஹெவி பேக் – கனமில்லாத பை, கனமான பை
லைட் விண்ட் – ஸ்ட்ராங் விண்ட் – மெல்லிய காற்று, பலத்த காற்று
லைட் ஸ்லீப் – டீப் ஸ்லீப் – இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம்
லைட் ஸ்லீப்பர் – ஹெவி ஸ்லீப்பர் – சிறு ஓசைக்கும் விழிப்பவர், எளிதில் விழிக்காதவர்
லைட் க்ரீன் – டார்க் க்ரீன் – வெளிர்பச்சை, கரும்பச்சை
லைட் ஃபாக் – திக் ஃபாக் – மெல்லிய மூடுபனி, அடர்ந்த மூடுபனி
லைட் சென்டென்ஸ் – ஹெவி அல்லது ஹார்ஷ் சென்டென்ஸ் – குறைந்த தண்டனை, கடுந்தண்டனை
லைட் ரீடிங் – சீரியஸ் அல்லது ஹெவி ரீடிங் – பொழுதுபோக்கு வாசிப்பு, ஆழ்ந்த வாசிப்பு

மூன்றாவது நிரலில் தமிழைச் சேர்ப்பது வீண் வேலை அல்ல. தமிழிலும் மழையும் காற்றும் பலக்கும், உறக்கம் ஆழும், தண்டனை கடுமையாகும், நிறம் கருக்கும். நம் மொழியிலேயே இந்த மாற்றம் இயல்பாக நடப்பதைக் கண்டபின், ஆங்கிலத்தில் அது ஏன் மாறுகிறது என்ற எரிச்சல் குறைந்துவிடும். எங்கே இரண்டு மொழிகளும் ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதும் கண்ணில் படும்.

சில தொடர்களில் ஒரே பெயர்ச்சொல்லே இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும். ‘லைட் ஜாக்கெட்’ என்றால் வெளிர்நிற மேலங்கியா, மெல்லிய மேலங்கியா? தொடரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பின்னால் ‘டார்க் ஜாக்கெட்’ வந்தால் பேச்சு நிறத்தைப் பற்றியது, ‘ஹெவி’ அல்லது ‘வார்ம்’ வந்தால் துணியின் கனத்தைப் பற்றியது. எதிர்ச்சொல்லைத் தெரிந்துவைத்திருப்பதன் உண்மையான பயன் இங்கேதான். நீங்களே எழுதும்போது குழப்பம் வரக்கூடும் என்று தோன்றினால், ‘லைட்-கலர்ட்’ அல்லது ‘லைட்வெயிட்’ என்று விரித்து எழுதிவிடுங்கள்.

5. கிடைத்த எதிர்ச்சொல்லைச் சோதித்துப் பாருங்கள்

முதல் சோதனை, வாக்கியத்தில் மாற்றிப் போடுவது. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் லைட்டை எடுத்துவிட்டு எதிர்ச்சொல்லைப் போட்டு, அந்தத் தொடரை ஸ்கெல்லில் தேடுங்கள். பல எழுத்தாளர்களின் வாக்கியங்கள் வந்தால் துணிந்து எழுதலாம். ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சோதனை, திரும்பி வரும் பயணம். கண்டுபிடித்த எதிர்ச்சொல்லின் எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். டார்க்கிலிருந்து திரும்பினால் லைட்டுக்கே வருவீர்கள்; ஹெவியிலிருந்தும் அப்படியே. ஆனால் ஸ்ட்ராங்கிலிருந்து திரும்பினால் அகராதி முதலில் ‘வீக்’ என்று காட்டும், டீப்பிலிருந்து திரும்பினால் ‘ஷாலோ’ என்று காட்டும். இதனால் உங்கள் பதிவு தவறு என்று ஆகாது. அந்த இணை அந்தப் பெயர்ச்சொல்லோடு மட்டுமே செல்லும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படிப்பட்ட வரிகளின் ஓரத்தில் ஒரு குறி இட்டுவையுங்கள், மறந்துபோவதும் பிறகு இடறுவதும் அவைதாம்.

6. எதிர்ச்சொல் இல்லாத இடங்களில் வலிந்து தேடாதீர்கள்

‘லைட் இயர்’ என்பது ஒளி ஓராண்டில் செல்லும் தூரம், ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஓர் அளவைக்கு எதிர்ச்சொல் கிடையாது. விளக்கு என்ற பொருளுக்கும் அப்படியே. ‘இன் தி லைட் ஆஃப்’ என்பது ஒன்றைக் கருத்தில் கொண்டு என்று பொருள்படும் நிலைத்த தொடர், இதை ‘இன் தி டார்க் ஆஃப்’ என்று புரட்ட முடியாது. அதேபோல் ‘மேக் லைட் ஆஃப்’ என்பது ஒன்றைப் பெரிதுபடுத்தாமல் விடுவது. அதன் எதிர்ப்பொருளைச் சொல்ல ‘டேக் சீரியஸ்லி’ என்று வேறொரு தொடரைத்தான் நாட வேண்டும். நோட்டில் இவற்றுக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

7. கூட்டுச்சொற்களில் உள்ள கண்ணிகள்

‘லைட்-ஹார்ட்டட்’ என்றால் மகிழ்ச்சியான, ‘ஹெவி-ஹார்ட்டட்’ என்றால் துயரம் கனத்த. இந்த இணை நேராக நிற்பதைக் கண்டு மற்றவையும் இப்படியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ‘லைட்-ஹெடட்’ என்றால் தலைசுற்றல். அதற்கு ஹெவி சேர்ந்த எதிர்ச்சொல் வழக்கில் இல்லை. ‘லைட்-ஃபிங்கர்ட்’ என்பது கைநீளம் உள்ளவரைக் குறிக்கும். ஹெவியைச் சேர்த்து நேர்மையானவர் என்று பொருள்கொள்ள முடியாது. ‘ஹெவி-ஹேண்டட்’ என்ற சொல் உண்டு, ஆனால் அது இதற்கு எதிர் அல்ல, தேவைக்கு மேல் கடுமையாக நடந்துகொள்வதைச் சொல்கிறது.

குத்துச்சண்டையில் எடைப்பிரிவுகளைப் பாருங்கள். தொழில்முறைப் போட்டிகளில் ‘லைட்வெயிட்’ பிரிவின் உச்சவரம்பு 135 பவுண்டு. ‘லைட் ஹெவிவெயிட்’ என்ற பிரிவின் வரம்பு 175 பவுண்டு. எதிர்ச்சொற்கள் இரண்டும் ஒரே பெயரில் சேர்ந்து நிற்கின்றன. ஹெவிவெயிட்டுக்கு ஓரளவு கீழே உள்ளது என்பதே அங்கே லைட்டின் பொருள்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. மின்னலைக் குறிக்கும் சொல்லில் ‘டி’ எழுத்துக்கும் ‘என்’ எழுத்துக்கும் நடுவே ‘ஈ’ எழுத்து வராது. அந்த எழுத்தைச் சேர்த்தால் இலேசாக்குதல், வெளிர்ப்பாக்குதல் என்று பொருள் மாறிவிடும். கணினியின் பிழைதிருத்தி இரண்டையும் சரியான சொல் என்றே ஏற்றுக்கொள்ளும்.

8. தமிழ்ப் பேச்சில் புழங்கும் லைட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது, அகராதி எதுவும் இதை எச்சரிக்காது. ‘லைட்டா தலை வலிக்குது’, ‘லைட்டா சந்தேகமா இருக்கு’ என்று பேசுகிறோம். இங்கே லைட்டா என்றால் கொஞ்சம் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘லைட்லி’ பெரும்பாலும் மென்மையாக, அழுத்தமில்லாமல் என்று பொருள்படும். இலேசான தலைவலியை ‘ஸ்லைட்’ அல்லது ‘மைல்ட்’ என்றும், இலேசான சந்தேகத்தை ‘ஸ்லைட்’ என்றும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கும் ‘ஸ்லைட்’ அல்லது ‘மைல்ட்’. அதற்கு எதிர் ‘ஹை ஃபீவர்’. தேநீருக்கு நாம் லைட், ஸ்ட்ராங் என்கிறோம். ஆங்கிலத்தில் ஸ்ட்ராங் அப்படியே இருக்கும், லைட்டின் இடத்தில் ‘வீக்’ வரும்.

விளக்கைப் போடுவதும் அணைப்பதும் அடுத்தது. ‘லைட்டைப் போடு’ என்பதை அப்படியே மாற்றி ‘புட் தி லைட்’ என்று நிறுத்திவிடக் கூடாது. ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’ வேண்டும். ‘ஆஃப்’ என்பதை மட்டும் வினையாக்கி ‘ஆஃப் தி லைட்’ என்று சொல்வதும் தவறு, அதற்கு முன்னால் டர்ன் அல்லது ஸ்விட்ச் வந்தே ஆக வேண்டும்.

9. இதற்கு எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்

முதல் நாள் ஒரு மணிநேரம் ஒதுக்கி, 2ஆம் படியையும் 3ஆம் படியையும் முடியுங்கள். சொற்சேர்க்கைகளைத் தேடும் 4ஆம் படிக்கு மறுநாள் ஒன்றரை மணிநேரமாவது வேண்டும். அதை அவசரப்படுத்தினால் மற்ற படிகளால் பயன் இல்லை. மூன்றாம் நாள் சோதனைகளைச் செய்து, ஒவ்வொரு இணைக்கும் உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று எழுதுங்கள். அகராதியின் வாக்கியத்தைப் படியெடுத்தால் அது நினைவில் தங்காது.

அதன்பின் மறுபயிற்சி: அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறைக்கும் பத்து நிமிடம் போதும். ஆங்கி அட்டை தயாரிப்பவர்கள் முன்பக்கத்தில் லைட் என்று மட்டும் எழுதாதீர்கள். ‘லைட் விண்ட்’ என்று முழுத்தொடரையும் எழுதிப் பின்பக்கத்தில் ‘ஸ்ட்ராங் விண்ட்’ என்று எழுதுங்கள். மறுபயிற்சியில் தவறும் அட்டைகளை நீக்கிவிடாமல், அவற்றுக்கு இன்னொரு வாக்கியம் சேருங்கள்.

ஒரு மாத மறுபயிற்சி முடியும்வரை அடுத்த பன்முகச் சொல்லைத் தொடங்க வேண்டாம். லைட்டையும் ஷார்ட்டையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டால் இணைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஷார்ட்டை எடுக்கும்போது முதல் வரியாக உயரத்துக்கு ‘டால்’ என்றும் நீளத்துக்கு ‘லாங்’ என்றும் எழுதித் தொடங்குங்கள்.